நிரல் உங்களிடம் இருக்கிறது, பெயர் யாரிடம் இருக்கிறது?

கடந்த மாதம், மென்பொருள் ஒப்பந்தங்களைப் பார்த்துத் தரும் என் அலுவலகத்துக்கு வந்த இரண்டு இளைஞர்கள், மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நான்கு ஆண்டுகள் உழைத்து உருவாக்கியவர்கள். அதை விற்றுக் கொடுத்துவந்த விநியோகஸ்தர், விற்பனையில் அவர்களுக்குத் தரவேண்டிய பங்கான ராயல்டியை நிறுத்திவிட்டு, வேறொருவரை வைத்து எழுதிய மென்பொருளை அதே பெயரில் விற்கத் தொடங்கியிருக்கிறார். பெயருக்கான டிரேட்மார்க் (வணிகக்குறி) விண்ணப்பம் அவர் பெயரில் இருக்கிறது, இணைய முகவரியை வாங்கியவர் அவர், கடைக்காரர்களின் தொலைபேசி எண்களும் அவரிடமே இருக்கின்றன. இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "ஆனால் சோர்ஸ் கோடு எங்களிடம்தான் இருக்கிறது, மேடம்" என்றார்கள். இந்த ஆண்டில் மட்டும் இந்த வாக்கியத்தை நான் ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன். அந்த மன வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மூலநிரல் (சோர்ஸ் கோடு) கையில் இருந்தால் தொழிலும் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை தவறானது. அது தவறு என்பது மென்பொருள் தொழில் பிறந்த காலத்திலேயே தெரிந்துபோனது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின் 1978-இல் விரிதாள் (கணக்குகளைக் கட்டங்களில் போடும் ஸ்ப்ரெட்ஷீட்) என்ற யோசனையை உருவாக்கினார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் அதை நிரலாக எழுதினார். இருவரும் 1979-இல் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆப்பிள் 2 கணினிக்காக அவர்கள் எழுதிய விசிகால்க் என்ற அந்த விரிதாள் மென்பொருளை வெளியிட்டு விற்றது, டான் ஃபைல்ஸ்ட்ரா நடத்திய பெர்சனல் சாஃப்ட்வேர் என்ற வேறொரு நிறுவனம். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எழுதியவர்களுக்கு ராயல்டியாக வந்தது. இன்று எந்த விநியோகஸ்தரும் எளிதில் ஒப்புக்கொள்ளாத விகிதம் அது. நிரல் எழுதியவர்களிடம் இருந்தது, விசிகால்க் என்ற பெயரோ விற்றவர்களிடம் இருந்தது.

விற்பனை ஏறிக்கொண்டிருந்த வரையில் இந்தப் பிரிவினை யாரையும் உறுத்தவில்லை. பெர்சனல் சாஃப்ட்வேர் பின்னர் விசிகார்ப் என்று தன் பெயரையே அந்தப் பொருளை ஒட்டி மாற்றிக்கொண்டது. 1983 ஜனவரியில் மிட்ச் கபோரின் லோட்டஸ் நிறுவனம் எழுதிய 1-2-3 என்ற போட்டி விரிதாள் சந்தைக்கு வந்து, ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்களைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில், மேம்படுத்திய பதிப்புகளைக் காலத்தில் தரவில்லை என்று விசிகார்ப் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. அவர்களும் எதிர்வழக்குத் தொடுத்தார்கள். நிரலை வைத்திருந்தவர்களால் அந்தப் பெயரில் விற்க முடியவில்லை, பெயரை வைத்திருந்தவர்களால் நிரலைத் திருத்த முடியவில்லை. 1984-இல் சமரசம் ஏற்பட்டு உரிமைகள் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸுக்கே திரும்பின, ஆனால் அதற்குள் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். 1985-இல் அந்த நிறுவனத்தை லோட்டஸே வாங்கி, விசிகால்க்கை நிறுத்திவிட்டது.

விசிகால்க்குக்குப் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று பலர் என்னிடம் வாதிடுவார்கள். 1979-இல் அவர்கள் அதற்கும் வழக்கறிஞரைக் கேட்டார்கள். மென்பொருளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதே அன்று கிடைத்த பதில். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓரளவு வழிவிட்டது 1981-இல்தான். இந்தியாவிலோ 1970-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தின் 3(k) பிரிவு, கணினி நிரலை அதன் தனி வடிவில் பேட்டன்ட்டுக்கு உரியதல்ல என்று விலக்கிவைத்திருக்கிறது. பேட்டன்ட்டைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்பவர்கள், பெயரைப் பதிவு செய்ய ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய் செலுத்தி ஸ்டார்ட்அப் சலுகையில் விண்ணப்பிக்கலாம் என்பதைக் குறித்துக்கொள்வதுகூட இல்லை.

வாங்குபவர் தன் பொருளை அடுத்து யாருக்குத் தரப்போகிறார் என்று தெரியாமல் விற்றவர் கையெழுத்திட்ட கதையும் அந்தக் காலத்தில் உண்டு. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் இயங்குதளத்தை, ஐபிஎம் தன் கணினியை அறிவிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1981 ஜூலையில், அந்தக் கணினிக்குத் தருவதற்காக மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. தான் விற்கும் கணினிகளோடு டாஸைக் கட்டணமின்றிச் சேர்த்துத் தரும் உரிமையை மட்டும் சியாட்டில் நிறுவனம் ஒப்பந்தத்தில் தன்னிடம் வைத்துக்கொண்டது. பின்னாளில் அந்த ஒரு விதியைப் பற்றித்தான் வழக்கு நடந்தது, 1986-இல் 9,25,000 டாலர் கிடைத்தது. முழுப் பொருளுக்குக் கிடைத்த விலையைவிட, தக்கவைத்துக்கொண்ட ஒரு வரி பதினெட்டு மடங்குக்கு மேல் ஈட்டிக் கொடுத்திருக்கிறது.

நம் ஊர்ச் சட்டத்தில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் எழுதியது பணம் கொடுத்ததால் மட்டும் உங்களுடையதாகிவிடாது. அவர் எழுத்து மூலம், கையொப்பமிட்டு, உரிமையை மாற்றித் தரவேண்டும். அந்தத் தாளில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டுகள் என்றே எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளும். இணையத்திலிருந்து இறக்கிய மாதிரி ஒப்பந்தங்களில் இந்த இரண்டு சொற்களையும் தேடித் தேடி எனக்குச் சலித்துவிட்டது.

ஆகவே தயவுசெய்து, விநியோகஸ்தரிடம் பேசுவதற்கு முன்பே பெயரை உங்கள் நிறுவனத்தின் பேரில் பதிவுக்குக் கொடுங்கள். இணைய முகவரியை நீங்களே வாங்குங்கள். வாடிக்கையாளர் பட்டியலின் பிரதி மாதந்தோறும் உங்களுக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதிய பதிப்பு எப்போது, எந்தக் கணினிக்கு, தாமதமானால் என்ன என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் பெயர் யாரிடம் திரும்பும் என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்திடாதீர்கள். நண்பரின் அண்ணன், ஊர்க்காரர், தங்கமான மனிதர் என்ற காரணங்களை என்னிடம் சொல்லாதீர்கள். அந்த இளைஞர்களின் விநியோகஸ்தர் அவர்களில் ஒருவரின் தாய்மாமன்.

பெயரை விநியோகஸ்தருக்கு முன்பே அவர்கள் பயன்படுத்தியதை நிறுவ முடிந்தால் வழி இருக்கிறது. இப்போது பழைய பில்களையும் மின்னஞ்சல்களையும் தேடிக்கொண்டிருக்கிறோம். முதல் கடைக்கு விற்றதற்கான ரசீது கையால் எழுதப்பட்டதாம், அது எந்த வீட்டின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.