பவர் ஏறுகிறது என்றால் கண் நீள்கிறது என்று பொருள்

உங்கள் கண்ணாடிச் சீட்டில் ‘ஸ்பியர் −3.00’ என்று எழுதியிருக்கும். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, நாள்காட்டித் தாளில் ராசிபலன் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணருகே பிடித்து, மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து கலையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 33 சென்டிமீட்டர் வந்தால் பவர் ஏறக்குறைய மைனஸ் 3. 50 என்றால் 2, 20 என்றால் 5. நூறை அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் பவர் வந்துவிடும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு திசைக்குத் திசை மாறுவதால் வருவது) அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். கண்ணாடி வாங்க இது போதாது, கிட்டப்பார்வை என்றால் என்னவென்று புரிந்துகொள்ளப் போதும். அந்தத் தூரத்துக்கு இப்பால் உள்ளது தெரியும், அப்பால் உள்ளது தெரியாது.

பலர் வெள்ளெழுத்தையும் கிட்டப்பார்வையையும் குழப்பிக்கொள்கிறார்கள். நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து தெரியாமல் போவது வெள்ளெழுத்து, அது கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வருகிறது. கிட்டப்பார்வை அப்படியல்ல. பெரும்பாலும் அது கண்ணின் நீளத்தில் வரும் கோளாறு.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்தவருக்கு 23 முதல் 24. அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் கூடினால் போதும், பவர் இரண்டரை முதல் மூன்று வரை மைனஸில் போய்விடும். ஒளி விழித்திரையில் குவிய வேண்டியது அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. மைனஸ் லென்ஸ் அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையில் விழவைக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். கண் நீண்டது நீண்டபடியே இருக்கும். லேசிக்கிலும் இதே கதைதான்: கருவிழியின் முன்பக்கத்தைச் சீவிக் குவியத்தை மாற்றுகிறார்கள், பின்பக்கம் அப்படியே இருக்கிறது.

நீண்டால் என்ன? பலூனில் அச்சடித்த எழுத்து ஊத ஊத வெளிறுமே, அதுபோல இழுபட்ட கண்ணில் வெண்விழிச் சுவரும், அதன் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்ப் படலமும், விழித்திரையும் மெலிகின்றன. பிற்காலத் தொல்லைகள் பெரும்பாலும் இந்த மெலிவிலிருந்தே வருகின்றன. ‘கண்ணாடி போட்டாச்சு, நல்லாத் தெரியுது, அப்புறம் என்ன?’ என்ற கேள்விக்குப் பதிலும் இதுதான்.

ஆறு வயதில் பூஜ்யம் நல்ல எண் அல்ல

சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் பிளஸ் பவர் இருப்பதே இயல்பு. கண் வளர வளர அந்தக் கையிருப்பு கரையும். ஆறு வயதில் +0.75 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. அந்த வயதிலேயே பூஜ்யத்துக்கு வந்துவிட்ட பிள்ளைக்குக் கண்ணாடி தேவையில்லைதான், ஆனால் சில ஆண்டுகளில் மைனஸுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அப்பா அம்மா இருவருக்குமே கிட்டப்பார்வை இருந்தால் இன்னும் அதிகம். ‘பவர் இல்லை, நார்மல்’ என்று சொல்லி அனுப்பும்போது இந்த எண்ணையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் ‘எனக்குத் தெரியலை’ என்று சொல்வதில்லை. தெரிவது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். இமைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கு ஊசித்துளை போல வேலை செய்து படத்தைக் கூர்மையாக்குவதால் வந்த பழக்கம் அது. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் இதுவும் தெரியாது, மற்றக் கண் சமாளித்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை, சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையால் பொத்த வேண்டும். விரல்களால் பொத்தினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள், அதிலும் மதிப்பெண் கொடுப்பதாகச் சொன்னால் நிச்சயம் பார்ப்பார்கள்.

கடையில் வைத்திருக்கும் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’டை மட்டும் நம்பிக் குழந்தைக்குக் கண்ணாடி வாங்காதீர்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது குழந்தை தன்னையறியாமல் கிட்டத்துப் பார்வைக்கான தசையை இறுக்கிக்கொள்ளும். இல்லாத மைனஸ் வந்து நிற்கும், இருக்கும் மைனஸ் கூடிக் காட்டும். சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தி, கண்பாப்பா (கருவிழி நடுவே தெரியும் துளை) விரிந்த பிறகு எடுக்கும் அளவே சரியானது. சொட்டு வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். மருந்தைப் பொறுத்துக் கிட்டத்து எழுத்து ஒரு நாளோ அதற்கு மேலோ மங்கும், வெயில் கூசும். மறுநாள் பரீட்சை என்றால் தள்ளிப்போடுங்கள்.

வெளிச்சம்தான் மலிவான மருந்து

படிக்கும் அறையில் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். வெட்டவெளியில் பகலில் 10,000 லக்ஸைத் தாண்டும், மரநிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். அவ்வளவு ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டுகிறது, அது கண் நீள்வதை அடக்குகிறது என்பதே இன்றைய விளக்கம். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. ஒரு பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் 2010-இல் பள்ளிகளில் தினம் 120 நிமிட வெளிநேரத்தை வலியுறுத்தத் தொடங்கியது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைவு, 2012-க்குப் பிறகு அங்கே இறங்க ஆரம்பித்தது.

நம் ஊர் வெயிலுக்கு உச்சிப்பொழுதில் அனுப்ப வேண்டியதில்லை. காலை பத்துக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் சேர்த்து இரண்டு மணி நேரம், நிழலாக இருந்தாலும் சரி. தொப்பி போடலாம். பள்ளிவிட்டு நேரே டியூஷன் அறைக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வரும் பிள்ளைக்கு இந்த ஒளி கிடைக்க வழியே இல்லை. நகரங்களில் பலவீனமான இடம் இதுதான். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: வெளிநேரம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில் கைகொடுக்கும் அளவுக்கு, வந்துவிட்ட பவர் ஏறுவதைத் தடுப்பதில் கைகொடுப்பதில்லை.

படிக்கும் தூரம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரம் என்று சொல்லிக்கொடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். போனைவிட டிவி பரவாயில்லை என்பது சோம்பேறித்தனமான பேச்சாகத் தோன்றும், ஆனால் தூரக் கணக்கில் உண்மை. கேரட், உள்ளங்கை தேய்த்து ஒற்றிக்கொள்வது, கண்ணைச் சுழற்றும் பயிற்சி ஆகியவற்றால் கண்ணின் நீளம் குறையாது.

குறைத்துப் போட்டால் ஏறாது என்ற நம்பிக்கை

‘முழு பவர் போடாதீங்க டாக்டர், கொஞ்சம் கம்மியா கொடுங்க’ என்று பெற்றோர் கேட்பது அன்றாடம் நடப்பது. மலேசியாவில் இதையே சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முழு பவர், மற்றவர்களுக்கு 0.75 குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் குறைத்துக் கொடுத்தவர்களுக்கே அதிகம் ஏறியிருந்தது. முழு பவரைக் கொடுத்து, முழுநாளும் போடச் சொல்வதே சரி. பிரேம் மூக்கில் சரிந்து இறங்கினாலும் மைனஸ் பவரின் வலிமை குறையும். பிள்ளை கண்ணாடியை விரலால் ஏற்றிக்கொண்டே இருந்தால் முதலில் பிரேமைச் சரிசெய்யுங்கள்.

ஏறுவதை மட்டுப்படுத்த இப்போது வழிகள் உண்டு. ஒன்று குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, இரவில் தூங்கும் முன் ஒரு சொட்டு. ஹாங்காங் ஆய்வில் முதல் ஆண்டில் பவர் ஏற்றம் 0.05 சதவீதச் சொட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கும், 0.01 சதவீதத்தில் கால் பங்குக்குச் சற்று மேலும் குறைந்தது. கூச்சமும் கிட்டத்து மங்கலும் அளவோடு சேர்ந்து கூடும். நாமாக நிறுத்தினால் விட்ட பவர் வேகமாகத் திரும்பி ஏறலாம், மருத்துவர் சொல்லும் விதத்தில்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று, நடுவில் தெளிவான வட்டமும் சுற்றிலும் சுமார் 400 குட்டி லென்ஸ்களும் பதித்த கண்ணாடி. ஓர விழித்திரையில் ஒளி முன்னால் விழும்படி செய்வது இதன் உத்தி. ஹாங்காங்கில் இரண்டு ஆண்டு பார்த்ததில் பவர் ஏற்றம் பாதியளவு குறைந்தது. கழற்றி வைத்தால் பலனும் கழன்றுவிடும்.

இரவில் போட்டுக் காலையில் எடுக்கும் ஆர்த்தோ-கே என்ற கான்டாக்ட் லென்ஸும் பயன் தரும். ஆனால் குழாய்த் தண்ணீரில் கழுவும் வீட்டில் அதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். கருவிழியில் கிருமிப் புண் வந்தால் தழும்பு நிரந்தரம்.

எதைத் தேர்ந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் நீளத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்கு முன் அளக்கும் அதே கருவிதான், சில நொடி வேலை, கண்ணைத் தொடாது. இந்தப் பாடெல்லாம் ஒரு பவருக்காகத்தானா என்று தோன்றலாம். முடிவில் ஒரே ஒரு டயாப்டர், அதாவது ஒரு பவர், குறைவாக நின்றால் பிற்காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா சிதையும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று 2019-இல் வந்த கணக்கு சொல்கிறது.

பெரியவர்களுக்கு

இருபது வயதுக்கு மேல் பவர் பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் மெலிந்த விழித்திரை தடித்துவிடாது. கிட்டப்பார்வை இல்லாதவரோடு ஒப்பிட்டால் விழித்திரை விலகும் வாய்ப்பு −1 முதல் −3 வரை சுமார் 3 மடங்கு, −3 முதல் −5 வரை 9 மடங்கு, −5 முதல் −7 வரை 20 மடங்குக்கும் மேல். மடங்கைப் பார்த்துப் பதறாதீர்கள், பொதுவாக விழித்திரை விலகல் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் வருவதுதான். ஆனால் மைனஸ் 2-தானே என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை.

நீண்ட கண்ணில் உள்ளே நிறைந்திருக்கும் ஜெல்லி சீக்கிரமே நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது ஒட்டியிருக்கும் இடத்தில் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். இழுப்பு இருளிலும் ஓரத்தில் மின்னல் வெட்டாகத் தெரியும். கிழிந்து ரத்தம் கசிந்தால் மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள் திடீரென மிதக்கும். கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரை உரிந்தால் ஓரத்திலிருந்து திரை இறங்கும். வலி துளியும் இருக்காது, அதனால்தான் ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இருந்துவிடுகிறார்கள். கிழிசலோடு நின்றால் சில நிமிட லேசரில் சுற்றிலும் வெல்டிங் வைத்தது போல ஒட்டிவிடலாம். உரிந்துவிட்டால் ஆபரேஷன், கண்ணுக்குள் வாயு, பல நாள் தலைகுனிந்து இருத்தல், வாயு கரையும் வரை விமானப் பயணம் கூடாது. திரை நடுப்பார்வையை எட்டுவதற்கு முன் வந்தவர்களுக்குப் பார்வை நன்றாகத் திரும்புகிறது. ஆகவே மேலே சொன்ன மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். பல ஆண்டுகளாக மிதக்கும் ஒன்றிரண்டு பழைய பூச்சிகள் வேறு விஷயம்.

நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. கதவு நிலை, தரை ஓட்டின் கோடு ஆகியவற்றை ஒரு கண்ணால் மாறி மாறிப் பார்த்தால் பிடிபடும். மேக்குலாவின் கீழ் புதிய ரத்தக்குழாய் முளைத்திருக்கலாம், ஊசி மருந்து சீக்கிரம் போட்டால் பலன் உண்டு.

மைனஸ் 6-ஐத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பாப்பாவை விரித்து ஓர விழித்திரை வரை பார்த்துக்கொள்ள வேண்டும். லேசிக் செய்தவர்களும் சேர்த்தி. அன்று பைக் ஓட்டி வராதீர்கள். இந்தப் பரிசோதனையின்போது கண்நீர் அழுத்த நோயையும் பார்க்கச் சொல்ல வேண்டும், கிட்டப்பார்வையில் அதுவும் கூடுதல். லேசிக் செய்த கருவிழி மெலிந்திருப்பதால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரியாது.

பிரசவத்தில் முக்கினால் விழித்திரை விலகும், ஆகவே சிசேரியன்தான் என்று பவர் அதிகமுள்ள பெண்களைப் பயமுறுத்துவது இன்னும் நிற்கவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பகாலத்தில் ஒருமுறை விழித்திரையைக் காட்டி, எழுத்தில் வாங்கி மகப்பேறு மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இருபதைத் தாண்டியவருக்குப் பவர் திடீரென ஏறினால் வேறு காரணம் தேடணும். சர்க்கரை ஏறினாலும் மைனஸ் கூடும், அளவு நிலைபெறும் வரை புதுக் கண்ணாடி வாங்கினால் காசு வீண். அரிப்பில் கண்ணைக் கசக்கும் இளைஞருக்குச் சிலிண்டர் ஏறிக்கொண்டே போனால் கருவிழி கூம்புகிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அறுபது வயதுத் தாத்தா ‘கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்’ என்று பெருமைப்பட்டால் அநேகமாக அது கண்புரை, லென்ஸின் நடு இறுகி மைனஸைக் கொடுக்கிறது. புரை எடுக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசிக் அந்த வளைவை மாற்றிவிடுகிறது. அதனால் லேசிக்குக்கு முன் எடுத்த அளவுத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், முப்பது ஆண்டு கழித்து அதைத்தான் கேட்பார்கள்.