இரவல் பைக்கும் ஒதுக்கக் காடும்: மலையில் ட்ரெயில் ஓடும் தம்பிமாருக்கு

திங்கட்கிழமை காலையில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் பொலிஸ் நிலைய முற்றத்தை எட்டிப் பார்த்தாலே, முதல் நாள் மலையில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். காட்டுப் பாதை, கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற ட்ரெயில் பைக்குகள் இரண்டு மூன்று, சேறு காயாமல் சுவரோரம் நிற்கும். ஒன்றின் ஹேண்டிலில் காட்டுக்கொடி இன்னும் சுற்றியிருக்கும். மலையகத்து நீதவான் நீதிமன்றங்களில் பல வருடமாக வழக்காடுகிறவன் நான். இந்த பைக்குகளுக்குப் பின்னால் வருகிற பையன்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல. யாருடைய நிலத்தில் ஓடுகிறோம் என்று கேட்காமல் ஏறியவர்கள், அவ்வளவுதான்.

சென்ற வருடம் ஒரு தாய்மாமனும் மருமகனும் வந்தார்கள். (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் வாங்கிய டிஜெபல் 250 ட்ரெயில் பைக். மருமகனுக்கு இருபத்தொரு வயது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிமாரோடு ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறான். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பழைய வண்டிப் பாதை. அதில் கொஞ்ச தூரம் ஏறியதும் வன அதிகாரிகள் மறித்துவிட்டார்கள்.

“மரம் வெட்டவில்லை, ஒரு குச்சிகூட முறிக்கவில்லை. பிறகெப்படி சேர் கேஸ்?” என்று அவன் கேட்டான். மாமா ஒன்றும் பேசவில்லை. பைக்கின் மற்றச் சாவியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

ஒதுக்கக் காட்டுக்குள், அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் காட்டுக்குள், அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். மரம் வெட்டினாயா, வேட்டையாடினாயா என்பதெல்லாம் அதற்கு மேலான குற்றங்கள். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் 2009இல் 65ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு, இன்று வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. அதன் 40ஆம் பிரிவுதான் பைக்காரர்கள் அறியவேண்டியது. குற்றவாளி என்று தீர்ப்பானால், குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தையும் பறிமுதல் செய்ய அதில் இடமுண்டு. தண்டப்பணம் கட்டிவிட்டு அன்றைக்கே பைக்கில் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறார்கள்.

பைக்கின் சொந்தக்காரர் வேறு ஆள் என்றால்? அவரிடமும் நீதிமன்றம் கேள்வி கேட்கும். தன் வாகனம் இப்படிப் பயன்படாமல் தடுக்கத் தன்னால் ஆன எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்பது போதாது. இந்த மாமாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு கைகொடுத்தது. சாவியைக் கொடுத்த அன்று காலையில், “டவுன் பக்கம் போ, காட்டுப் பக்கம் கொண்டு போனால் இனிமேல் சாவி கிடையாது” என்று அனுப்பியிருந்தார். அதோடு அவருடைய சாட்சியமும் சேர்ந்து, பைக் திரும்பக் கிடைத்தது. கிடைக்க எட்டு மாதம். பேட்டரி செத்து, செயின் துருப்பிடித்து, டேங்க் மூடியில் பாசி. எல்லா வழக்கும் இப்படி முடியும் என்று நினைக்க வேண்டாம். இரவல் கொடுப்பதாக இருந்தால் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று மெசேஜில் எழுதிவிட்டுக் கொடுங்கள். என்னைக் கேட்டால், ட்ரெயில் பைக்கை இரவல் கொடுக்கவே வேண்டாம்.

காடு என்றால் எல்லாம் ஒரே காடு அல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடர் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டு அது பேணல் காடாக அறிவிக்கப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவது. சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு 1940இலேயே சரணாலயம் ஆனது. இந்த மூன்றும் சேர்ந்துதான் 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஹக்கலைக் காடு கடும் இயற்கை ஒதுக்கம். அங்கே நடந்து போகக்கூட அனுமதி வேண்டும். ஒரு இடத்துக்கு எழுதிய அனுமதி பக்கத்து இடத்துக்குச் செல்லாது. எந்தத் திணைக்களம் என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கூகுள் வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

புல்வெளிதானே என்று நினைக்கிறவர்களும் உண்டு. நக்கிள்ஸில் பிட்டவல பத்தனை என்ற புல்வெளிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். பாறைக்கு மேல் மெல்லிய மண், அதன் மேல் புல். ட்ரெயில் பைக்கின் கட்டைப் பல் வைத்த நொபி டயர் ஒருமுறை சுழன்றால் பாறை தெரியும். ஈரம் கசியும் அந்தப் பாறைப் பரப்பில், இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னத் தவளை வாழ்கிறது. பாறையும் அதுவும் ஒரே நிறம். பைக்கில் இருந்து பார்த்தால் கண்ணுக்குப் படவே படாது.

தோட்டப் பக்கம் வருவோம். எங்கள் ஆட்களின் வீட்டு வாசல் அது என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தோட்டக் காணி 1992 முதல் பெரும்பாலும் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. கொழுந்து மலைக்குள் போகும் பாதை தோட்ட நிர்வாகத்தின் பாதை. துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேட்காமல் நுழைந்து, வேலை செய்கிறவர்களை மிரட்டினாலோ தொந்தரவு செய்தாலோ குற்றவியல் அத்துமீறலாகக்கூட வழக்கு வரலாம். ஆனால் நான் பார்த்த பெரிய சண்டை துரையால் வரவில்லை. ஒரு தண்ணீர்க் குழாயால் வந்தது.

மலை உச்சி ஊற்றில் இருந்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெருவிரல் பருமன். பாதையைக் கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கல் வைத்திருப்பார்கள். மூட்டில் பழைய டியூப் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை வெளியூர்க் கிளப் ஒன்றின் பைக்குகள் அந்த வழியாக ஏறின. குழாய் நசுங்கி, மூட்டுக் கழன்றது. ஏறியவர்கள் யாருக்கும் தெரியாது. சேற்றில் இன்னொரு வேர் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நாள் அந்த லயத்துக்குத் தண்ணீர் இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் உள்ள பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) போய்க் குடத்தில் சுமந்தார்கள். அடுத்த வாரம் அதே பைக்குகள் வந்தபோது பாதையின் குறுக்கே கட்டை கிடந்தது. வாய்ச்சண்டை, கைகலப்பு, ஒருவருக்கு நெற்றியில் தையல். பொலிஸ் இரண்டு பக்கமும் முறைப்பாடு எழுதியது.

வழக்கு வளராமல் பேசித் தீர்த்தோம். இணக்கப் பேச்சில் கிளப் தலைவர் முதலில் நஷ்டஈடு என்றுதான் ஆரம்பித்தார். லயத்துப் பெரியவர் ஒருவர், “காசு வேண்டாம் தம்பி, குழாயைப் போட்டுக் கொடுங்கள்” என்றார். அடுத்த ஞாயிறு அந்தப் பையன்கள் மண்வெட்டியோடு வந்து, பாதை குறுக்கிடும் இடத்தில் ஒரு அடி ஆழத்தில் இரும்புக் குழாய்க்குள் அதை இறக்கினார்கள். இப்போது அந்தக் கிளப் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வாரம் முன்னால் தோட்டக் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) கடிதம் கொடுக்கிறது. பைக் இலக்கம், ஆட்கள், நேரம் எல்லாம் எழுதி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் லயப் பக்கம் போவதில்லை. மற்றக் கிளப்புகளும் இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடிதத்துக்கு என்ன செலவு?

இன்னொரு விஷயம், கான். தேயிலைச் சரிவில் குறுக்காக வெட்டியிருக்கும் கான்கள் மழைத் தண்ணீரின் வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் கொண்டுபோவதற்கு. அதன் கரையை பைக் ஏறி உடைத்தால் தண்ணீர் நேரே கீழே ஓடும், டயர் போட்ட தடத்திலேயே ஓடும். இரண்டு மழையில் அது முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடும். கீழே இருப்பது யாருடைய கூரை? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகம் பட்டதையும் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பைக்தான் மண்ணைச் சரித்தது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே களைத்துப்போன சரிவில் ஒரு வெட்டுக்கூட அதிகம் என்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அன்று பைக்கை எடுக்காதீர்கள். எச்சரிக்கை நீங்கினாலும் மண் காய இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

போட்டி வைக்கிற ஆசை உள்ள கிளப்புகளுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டுப் பார்வையாளர் மீது பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். இராணுவ மைதானத்தில், பல வருடமாக நடந்துவந்த போட்டி அது. தோட்ட மைதானத்தில் கயிறு கட்டி ‘ஹில் கிளைம்ப்’ (சரிவேறும் போட்டி) வைக்கிறவர்கள் பொலிஸ் அனுமதி, காணிக்காரரின் எழுத்து அனுமதி, அம்புலன்ஸ், காப்புறுதி இவை இல்லாமல் கொடி அசைக்கவே கூடாது. யாருக்காவது அடிபட்டால் நோட்டீஸில் பெயர் போட்டவர்தான் முதலில் வாக்குமூலம் கொடுப்பார்.

லைசன்ஸ் பற்றிச் சுருக்கமாக. 100 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஏ வகுப்பு வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும். தோட்டப் பாதைதானே என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவி கொடுக்கும் தகப்பன்மாரே, சனங்கள் போய்வரும் பாதை மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பாதைதான்.

கடைசியாக, பழைய ஜப்பான் பைக் வாங்குகிறவர்களுக்கு. பாஜா, டிஜெபல், செரோ, டீடீஆர் எல்லாம் நல்ல பைக்குகள். ஆனால் உதிரிப்பாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டு, வேறொரு பைக்கின் பதிவுப் புத்தகத்தோடு கைமாறுவதும் இவற்றில்தான் நடக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் புத்தகத்தைக் காட்டினான். சேசிஸ் நம்பரில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் மற்றவற்றை விடச் சற்று உயரமாகக் குத்தியிருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. விற்றவரின் போன் அதற்குள் வேலை செய்யாமல் போயிருந்தது. விலை பேசும் முன் பதிவுப் புத்தகத்தை வாங்கி, சேறு துடைத்து, வெளிச்சத்தில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவில் உள்ள பெயர் யாருடையது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். சந்தேகம் என்றால் முற்பணம் கொடுக்கும் முன்னரே புத்தகத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கொடுத்த பிறகு வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது குறைவு.