ஃபிரெஸ்கோ என்றால் 'புத்தோவியம்' இல்லை

மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில், அவர் மெக்சிகோவில் "புத்தோவியங்கள்" தீட்டினார் என்று போட்டிருந்தது. புத்தருக்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்து, நாலு வரி தாண்டித்தான் ஃபிரெஸ்கோவைச் சொல்கிறார்கள் என்று பிடிபட்டது. இந்தச் சொல் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபிரெஸ்கோ இத்தாலியச் சொல். புதியது, குளிர்ச்சியானது என்று பொருள். ஆனால் இங்கே புதிதாக இருப்பது ஓவியம் இல்லை, சுவரில் பூசிய சாந்து. சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது உலர்வதற்குள் வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தை ஏற்ற வேண்டும், பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். பிடிக்கவில்லை என்றால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இந்த வேலை முழுக்க ஈரத்தில் நடக்கிறது, சொல்லாக்கியவரோ அகராதியின் முதல் பொருளான 'புதியது' என்பதை எடுத்து ஓவியத்தின் தலையில் கட்டிவிட்டார்.

இன்னொரு கூட்டம், எதற்கு வம்பு, எல்லாமே 'சுவரோவியம்'தானே என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அது மியூரலுக்கு, அதாவது சுவரில் எந்த முறையில் வரைந்த படத்துக்கும், உரியது. மெக்சிகோவின் மாயா பழங்குடி மக்கள் சுமார் 790இல் தீட்டிய பொனாம்பாக் அறைகள் தொடங்கி (அந்தப் பெயருக்கே 'வண்ணம் தீட்டிய சுவர்கள்' என்றுதான் பொருள், பின்னால் ஆய்வாளர் வைத்தது) 20ஆம் நூற்றாண்டு வரை எல்லாம் சுவரோவியம். அதில் ஒரு செய்முறைதான் ஃபிரெஸ்கோ. ரிவேரா 1922இல் தொடங்கிய முதல் சுவரோவியம் 'படைப்பு', மெழுகில் நிறம் குழைத்தது. 1923இல் கல்வி அமைச்சகத்தில் ஆரம்பித்த பெரிய வேலை ஃபிரெஸ்கோ. குவாதலஹாரா நகரத்தில் இன்னொரு மெக்சிகோ ஓவியரான ஒரோஸ்கோ குவிமாடத்தில் வரைந்த தீ மனிதனும் ஃபிரெஸ்கோ. அதே காலத்து ஓவியர் சிக்கெய்ரோஸோ 1939இல் மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் காருக்கு அடிக்கிற வகைப் பெயிண்டை எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்தால், "ரிவேரா சுவரோவியத்தை விட்டுச் சுவரோவியத்துக்கு மாறினார்" என்றுதான் எழுத வேண்டிவரும். மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும், பாதித் தொல்லை தீரும்.

தனித்தமிழ்மேல் எனக்குக் கோபமில்லை. ஃபிரெஸ்கோ என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். தமிழில்தான் வேண்டும் என்றால் 'ஈரச்சாந்து ஓவியம்' என்பேன். 'ஈரச்சுதை'யும் சரிதான், ஆனால் சுதை என்றதும் கோபுரத்துப் பொம்மைகள்தான் கண்முன் வரும். சாந்து என்றால் சிலருக்கு நெற்றிப்பொட்டு நினைவுக்கு வரலாம், புத்தரைவிட அது பரவாயில்லை. கொத்தனாருக்கும் புரியும்.

அதே கட்டுரையில் இன்னொன்று. 1947இல் ரிவேரா மெக்சிகோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் அலமேதா பூங்காவை ஃபிரெஸ்கோவாக வரைந்தார். 1985 நிலநடுக்கத்தில் ஹோட்டல் சேதமான பிறகு, படத்தைச் சுவரோடு சேர்த்தே தூக்கிக்கொண்டுபோய், அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். கட்டுரை சொல்வது: "சேதமான கட்டடத்திலிருந்து புத்தோவியம் பெயர்த்தெடுக்கப்பட்டது." ஏதோ சிலைக் கடத்தல் செய்தி மாதிரி இருக்கிறது.