மெதுவாத்தான் வந்துச்சு சார்

இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது நசுங்கிய பாதம் இது. ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் 22 வயதுப் பையன். சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பின் சக்கரம் வலது காலில் ஏறி இறங்கிவிட்டது. ஷூவின் கயிற்றைக் கத்தரியால் வெட்டித்தான் காலை வெளியே எடுத்தோம். எப்படிப்பா ஆச்சு என்று கேட்டால், முந்தைய இரண்டு பேரும் சொன்ன அதே பதில்: "மெதுவாத்தான் வந்துச்சு சார்."

எலும்பு மருத்துவனாக 20 வருஷமாக இதைக் கேட்டு அலுத்துவிட்டேன். மெதுவாக வந்தால் நசுக்காதா? இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்கு மேல். சரக்கு அடுக்கிய பேலட் பலகை இல்லாமல் காலியாக வரும்போது அதில் பாதிக்கு மேல் பின் சக்கரங்களில்தான் இறங்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். டிரைவர் உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி அவ்வளவு தூரம் வந்திருக்கும். காரில் முன் சக்கரம் திரும்பும், இதில் பின் சக்கரம்தான் திரும்பும். வண்டி இடப்பக்கம் போகிறதே என்று வலப்பக்கம் ஒதுங்கி நின்றால், அதன் வால் உங்கள் மேல்தான் வீசும்.

சேஃப்டி ஷூ போட்டிருந்தானே என்கிறார்கள். அதன் இரும்பு மூடி விரல்களோடு சரி, இவனுக்கு ஏறியது புறங்காலில்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. வலி ஸ்ப்ரே அடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, ஷிஃப்ட் முடிந்த பிறகு பைக்கில் அழைத்து வந்திருக்கிறார்கள். நாலு மணி நேரம்! எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை, ஆனால் பெருவிரலை லேசாக மடக்கியதுமே அலறினான். அந்த அலறல்தான் எச்சரிக்கை: உள்ளே வீக்கம் அழுத்தி ரத்த ஓட்டம் தடைபட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தோலைக் கீறி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும், தாமதித்தால் தசை செத்துப்போகும். இவன் தப்பித்தான்.

நடப்பவர்களே, டிரைவர் கண்ணைப் பார்த்துத் தலையசைக்கும்வரை குறுக்கே போகாதீர்கள், ரிவர்ஸ் ஹாரனை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டுகிற தம்பிகளே, லோடு முன்னால் மறைத்தால் ரிவர்ஸில் ஓட்டுங்கள், பெல்ட்டைப் போடுங்கள், வண்டி சாய்ந்தால் குதிக்காதீர்கள். குதித்தவர் மேல்தான் அது விழும்.

சூப்பர்வைசர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ரிப்போர்ட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். எண்ணெய் தேய்க்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். சக்கரம் ஏறிய நேரத்தை ஒரு சீட்டில் எழுதி, பையன் கையில் கொடுத்து, உடனே அனுப்புங்கள்.