அச்சில் ஒட்டாதது பசையிலும் ஒட்டாது

எண்ணெய் தடவாத இட்லித் தட்டில் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பந்தயக் கார்களுக்குக் கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்யும் எங்கள் டர்பன் பட்டறையில், அச்சின் மேல் பூசும் ரிலீஸ் ஏஜென்ட்டுக்கும் அதே வேலைதான். இழைகளைப் பிணைக்கும் எபாக்சி ரெசின் அச்சைப் பற்றிக்கொள்ளாமல் அது காக்கிறது. ஆனால் அச்சிலிருந்து கழன்று வரும் பாகத்தின் முகத்தில் அந்தப் பூச்சின் மெல்லிய தடம் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடக்கூடும் என்பதையும், அந்த இடத்தில் பசை பிடிக்காது என்பதையும், தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பலர் அறிந்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்து கொடுத்த பின் இறக்கையின் தாங்கி ஒன்று, கியாலாமி பந்தயத் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது கழன்று விழுந்தது. ஓட்டுநருக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அதை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பசை முழுவதும் தாங்கியோடு போயிருந்தது. அந்தப் பசையின் முகத்தில் அச்சின் மெருகு அப்படியே பதிந்து கண்ணாடிபோல் பளபளத்தது, ஓர் இழைகூடப் பிய்ந்து ஒட்டியிருக்கவில்லை. நன்றாகப் பிடித்த இணைப்பு முறியும்போது பசையே கிழியும், அல்லது இழைகளைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்காமல், துணியால் ஒருமுறை துடைத்ததோடு பசை போட்டிருந்தோம். தவறு எங்களுடையதே.

இப்போது முதலில் அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னோர் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறோம். துடைக்காமல் தேய்த்தால் அழுக்கு கீறல்களுக்குள் புதைந்துவிடும் என்பதால் உப்புத்தாள் அதன் பிறகுதான். மீண்டும் துடைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோம். நீர் உடையாத படலமாகப் பரவி நின்றால் இடம் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். சுத்தம் என்று தெரிந்த பிறகும், ஈரம் முழுவதும் உலர்ந்தால்தான் பசை. சிலிக்கோன் ஸ்பிரேயைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டோம், ஏனெனில் அது படிந்த இடத்திலும் பசை பிடிக்காது, காற்றில் பரவி எங்கே படிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அச்சுக்கான பூச்சைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கார்னாபா மெழுகு ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால், 120 டிகிரியில் வேகவைக்கும் பாகங்களுக்கு உதவாது. நீரில் கரையும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) படலமோ பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் எளிதில் காயாது. அவசரப்பட்டு ரெசினை ஊற்றினால் பாகமே கெடும்.

உடல்நலம் பற்றி நான் அதிகம் கவலைப்படுவது டெஃப்லான் கலந்த பூச்சுகளில்தான். 260 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் அதிலிருந்து நச்சுப் புகை வரத் தொடங்கும். விரலில் ஒட்டிய துகள் சிகரெட் நுனியில் எரிந்தாலும் அதே கதிதான். ஆகவே கை கழுவாமல் யாரும் புகைபிடிக்கக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் மார்பு இறுக்கமும் வரும்போது, சாதாரண ஃபுளூ என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். தம்பிமார்களே, மருத்துவரிடம் போகும்போது அந்தப் பூச்சு டப்பாவுக்குரிய, அதன் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைத் தொழிலாளிக்குக் கிடைக்கும்படி வைத்திருப்பது முதலாளியின் கடமை.