சார்கோமா: தமிழில் சதைப்புற்று

25 வயது இளைஞருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. ஸ்கேனில், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டில் கட்டி தெரிகிறது. திசுப் பரிசோதனை அறிக்கை 'சார்கோமா' என்கிறது. வீட்டார் காதில் விழுவதோ 'புராஸ்டேட் புற்றுநோய்'. முதியவர்களுக்கு வரும் நோய் இந்த வயதில் எப்படி என்று திகைக்கிறார்கள். இது அந்த நோயே அன்று.

கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் விகுதி. பழங்காலத்தில் சதை வளர்ச்சி எதுவானாலும் சார்கோமாதான். இன்றைய மருத்துவத்தில் பொருள் குறுகிவிட்டது: தசை, கொழுப்பு, எலும்பு, இணைப்புத் திசு போன்றவற்றில் தோன்றும் புற்று மட்டுமே சார்கோமா. உறுப்பின் உட்படலத்திலோ சுரப்பியிலோ தோன்றுவது கார்சினோமா. அது நண்டைக் குறிக்கும் 'கார்கினோஸ்' வழி வந்தது. தமிழில் இரண்டையும் 'புற்றுநோய்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

புராஸ்டேட்டில் முதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது சுரப்பிச் செல்களில் எழும் கார்சினோமா. அச்செல்கள் சுரக்கும் புரதமே இரத்தத்தில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ. சார்கோமா சுரப்பிச் செல்களைச் சுற்றியுள்ள தசையிலும் இணைப்புத் திசுவிலும் எழுவதால் அந்த அளவு பெரும்பாலும் ஏறுவதில்லை. இளைஞர்களின் சிறுநீர்த் தொல்லைக்குத் தொற்று, கல், சிறுநீர்க்குழாய்ச் சுருக்கம் போன்றவையே வழக்கமான காரணங்கள். சார்கோமா மிக மிக அரிது. ஆனாலும் சிகிச்சைக்குப் பிறகும் அடைப்பு நீடித்தால், சிறுநீரில் இரத்தம் கலந்தால், மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால், பி.எஸ்.ஏ. இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'சதைக்கட்டி' என்பதை நான் ஏற்க மாட்டேன். தீங்கற்ற கொழுப்புக் கட்டியையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். 'இணைப்புத்திசுப் புற்று' என்றால் தசை விடுபட்டதுபோல் தோன்றுகிறது. 'சதைப்புற்று' மூலச்சொல்லோடு ஒட்டி நிற்கிறது, கேட்டவுடன் புரிகிறது. எலும்பில் வருவதற்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே 'எலும்புப் புற்று' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையிலும் வரக்கூடிய வகை 'ராப்டோமயோசார்கோமா'. ராப்டோஸ் கோல், மைஸ் தசை. சொல்லுக்குச் சொல் மாற்றிக் 'கோல்தசைச் சதைப்புற்று' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. இந்தப் பெயர் குறிக்கும் தசைக்குப் பள்ளிப் பாடநூலில் எல்லோரும் படித்த 'வரித்தசை' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. 'வரித்தசைப் புற்று' போதும்.