ரோஜாவுக்கு வரி இல்லை, கோகா குறைந்ததா? ஆண்டிஸ் வர்த்தகச் சலுகைச் சட்டம்: ஒரு விளக்கம்

கொக்கைன் தயாரிக்கப்படும் கோகா இலை பெரும்பாலும் விளைவது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் ஓடும் கொலம்பியா, பெரு, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளில். கோகாவை விட்டால் விவசாயிக்கு வேறு வருமானம் வேண்டும். அந்த வேறு பொருளுக்குச் சந்தை வேண்டும். இந்தக் கணக்கில்தான் 1991 டிசம்பர் 4 அன்று அமெரிக்கா ஆண்டிஸ் வர்த்தகச் சலுகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மூன்று நாடுகளோடு ஈக்குவடாரும் சேர்ந்தது. இவற்றின் பல பொருள்கள் இறக்குமதி வரி கட்டாமல் அமெரிக்காவுக்குள் வர முடிந்தது.

எந்த நாட்டுக்குச் சலுகை என்பதை அமெரிக்க அதிபர் தீர்மானித்தார். போதைப்பொருள் ஒழிப்பில் ஒத்துழைப்பது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் சலுகை பெறும் நாடுகளில் உருவாகியிருக்க வேண்டியிருந்தது. அந்த 35இல் 15 வரை அமெரிக்க மூலப்பொருளாக இருந்தாலும் ஏற்றார்கள்.

உள்நாட்டுத் தொழில்களின் செல்வாக்கு விலக்குப் பட்டியலில் பளிச்சென்று தெரிகிறது. துணி, ஆடை, பெட்ரோலியம், பெரும்பாலான காலணிகள், ரம், டின்னில் அடைத்த சூரை மீன் எதற்கும் முதலில் சலுகை இல்லை. 2002இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது ஆடையும் பெட்ரோலியமும் உள்ளே வந்தன. சூரை மீனைப் பையில் அடைத்தால் வரி இல்லை, டின்னில் அடைத்தால் உண்டு என்று ஆனது. மீனுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கக் கூடாது. டின் மீன் ஆலைகள் பசிபிக்கில் உள்ள அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான அமெரிக்கன் சமோவாவில் இருந்தன.

சலுகையால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டியது அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தின் பொறுப்பாக இருந்தது. கேள்விகள் இரண்டு: உள்நாட்டுத் தொழிலுக்கும் நுகர்வோருக்கும் பாதிப்பு என்ன? கோகா குறைந்ததா?

முதல் கேள்விக்கு ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறிதான் நல்ல சான்று. சாதாரணமாக அந்தக் காய்க்கு, பச்சையாக வந்தால் 21.3 சதவீதம், டின்னில் வந்தால் 14.9 சதவீதம் வரி. பெருவின் கடற்கரைப் பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் விளையும் ஆஸ்பராகஸுக்கு அந்த வரி நீங்கியது. அமெரிக்கக் கடைகளில் குளிர்காலத்திலும் அது கிடைத்தது, வாங்குபவருக்கு லாபம். வாஷிங்டன் மாநில விவசாயிகளோ டின் ஆலைகளை நம்பியே பயிரிட்டவர்கள். 2005இல் டேட்டன் ஊரின் ஆலை மூடப்பட்டு உற்பத்தி பெருவுக்குப் போனது. 2008 வேளாண் சட்டத்தில் ஆஸ்பராகஸ் விவசாயிகளின் இழப்புக்காக 1.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

கலிபோர்னியாவின் ரோஜாப் பண்ணைகளும் நலிந்தன. ஆனால் ரோஜாவுக்கான வரி 6.8 சதவீதம்தான். அது போனதால் மட்டும் பண்ணைகள் மூடின என்பதை நான் ஏற்க மாட்டேன். கொலம்பியாவின் குறைந்த கூலியும் பொகோட்டா மேட்டுநிலத்தின் குளிர்ச்சியும் 1991க்கு முன்பே அவற்றை நெருக்கத் தொடங்கிவிட்டன.

இரண்டாவது கேள்விக்கு எண்களே பதில். ஐ.நா. கணக்கின்படி மூன்று நாடுகளிலும் கோகா விளைந்த பரப்பு 1990இல் சுமார் 2,11,000 ஹெக்டேர். 2000இல் சுமார் 2,21,000. பெருவிலும் பொலிவியாவிலும் வெகுவாகக் குறைந்தது. கொலம்பியாவில் 40,000 ஹெக்டேர் 1,63,000 ஆனது. கடத்தல் விமானங்களைத் தடுத்ததும் செடிகளை அழித்ததும் பயிரை இடம்பெயர்த்தன. வரிச்சலுகையின் பங்கு சிறியது, மறைமுகமானது என்றே ஆணையமும் சொல்லி வந்தது.

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. பூக்கள் பொகோட்டாவையும் மெதெயினையும் ஒட்டி. கோகா தொலைதூர புட்டுமாயோ, குவாவியாரே காடுகளில். பெருவில் ஆஸ்பராகஸ் மேற்குக் கடற்கரையில். கோகா மலைகளுக்குக் கிழக்கே வாயாகா பள்ளத்தாக்கில். சாலையே சரியாக இல்லாத ஊரில் கோகா வியாபாரி வீட்டு வாசலுக்கு வந்து பணம் கொடுக்கிறான். ரோஜாவை அங்கிருந்து யார் ஏற்றுவது? 2002க்குப் பிறகு சலுகை இறக்குமதியில் பெரும்பங்கு கச்சா எண்ணெய்; எண்ணெய்க் கிணறு எத்தனை கோகா விவசாயிக்கு வேலை தரும்?

இதே நோக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் தனிச் சலுகை வைத்திருந்தது. 2002இல் அதில் பாகிஸ்தானைச் சேர்த்ததும் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. யாருக்குச் சலுகை என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை என்று 2004இல் மேல்முறையீட்டு அமைப்பு சொல்ல, ஐரோப்பா அத்திட்டத்தை மாற்றியது.

அமெரிக்கச் சலுகை 2006க்குப் பின் ஆறு மாதம், எட்டு மாதம், பத்து மாதம் என்று தவணை முறையில் நீட்டிக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் காலாவதியாகி, அக்டோபரில் முன்தேதியிட்டுப் புதுப்பிக்கப்பட்டது. இடையில் கட்டிய வரியை இறக்குமதியாளர்கள் திரும்பக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. 2008இல் பொலிவியா அமெரிக்கத் தூதரை வெளியேற்றியது. ஒத்துழைப்பு போதவில்லை என்று அந்த ஆண்டே அதன் சலுகை நிறுத்தப்பட்டது. பெருவும் கொலம்பியாவும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களுக்கு மாறின. மிஞ்சிய ஈக்குவடார், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் தஞ்சம் கேட்ட விவகாரத்தில் மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்று 2013 ஜூனில் தானே சலுகையைத் துறந்தது. சட்டம் 2013 ஜூலை 31 அன்று முடிந்தது.

ஈக்குவடார் ரோஜாவுக்கு மீண்டும் 6.8 சதவீத வரி வந்தது. வளரும் நாடுகளுக்கான அமெரிக்காவின் பொதுச் சலுகைத் திட்டத்தில் அது 2020 நவம்பரில் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டமும் அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று காலாவதியானது.